பௌர்ணமிதோறும் கிரகணம் வராதது ஏன்?

2025 செப்டம்பர் 7, ஞாயிற்றுக்கிழமை. ஆவணிப் பௌர்ணமி. மறுநாள் மகாளய பக்ஷம் தொடங்க இருந்தது. பெரும்பாலான ஆலயங்களில் அன்று வழக்கத்துக்கு முன்னரே பூஜைகள் நிறைவுற்று நடை அடைக்கப்பட்டது. இல்லங்களில் குடிநீர்ப் பாத்திரத்தின் மீதும் ஊறுகாய்ச் சாடியின் மீதும் தர்ப்பை வைக்கப்பட்டது. இரவு 9.57 மணிக்குச் சந்திர பிம்பத்தின் கிழக்கு ஓரத்தில் நிழல் தொட்டது. 11.01 மணிக்கு முழு நிலவும் அந்நிழலுக்குள் சென்று செம்பு நிறம் பூண்டது. 82 நிமிடங்கள் அவ்வாறே இருந்து, பின் மெல்ல விலகி, 1.26 மணிக்கு மோட்சம். ஸ்பரிசம், மத்தியமம், மோட்சம் என மூன்று நேரங்களையும் பஞ்சாங்கங்கள் பல மாதங்களுக்கு முன்பே அச்சிட்டிருந்தன.

சூரியனுக்கும் சந்திரனுக்கும் நடுவே பூமி நிற்பதே பௌர்ணமி. அப்படியானால் பூமியின் நிழல் பௌர்ணமிதோறும் சந்திரன் மீது விழவேண்டும் அல்லவா? ஆண்டுக்குப் பன்னிரண்டு பௌர்ணமிகள் வந்து போகின்றன. கிரகணமோ அவற்றில் ஒன்றிரண்டில்தான் நேர்கிறது. பேரக்குழந்தைகள் தாத்தா பாட்டியிடம் கேட்கும் இந்தக் கேள்விக்கு விடை பஞ்சாங்கத்திலேயே இருக்கிறது. ராகு, கேது என்ற இரு பெயர்களில் அது இருக்கிறது.

முதலில் சந்திரனின் மாதப் பயணம். தட்சனின் இருபத்தேழு புதல்வியரை மணந்த சந்திரன் ரோகிணியிடம் மட்டும் பேரன்பு கொண்டான். மற்றவர் முறையிட, தட்சன் சபித்தான். தேய்ந்த சந்திரன் சிவபெருமானைச் சரணடைந்து மீண்டும் வளரும் வரம் பெற்றான். சோமநாதத் தலத்தோடு தொடர்புடைய இப்புராணம் யாவரும் அறிந்ததே. திருவையாற்றுக்கு அருகிலுள்ள திங்களூரிலும் சந்திரன் வழிபடப்படுகிறான். இருபத்தேழு மனைவியர் என்பது இருபத்தேழு நட்சத்திரங்கள். நாளொன்றுக்கு ஏறத்தாழ 13 பாகை நகரும் சந்திரன், ஒரு நட்சத்திரத்திலிருந்து புறப்பட்டு அதே நட்சத்திரத்துக்குத் திரும்ப 27 நாட்களும் சுமார் எட்டு மணி நேரமும் ஆகும். ஆயினும் ஓர் அமாவாசையிலிருந்து மறு அமாவாசைக்கு 29½ நாட்கள் ஆகின்றன. காரணம் எளிது. சந்திரன் ஒரு சுற்று முடித்து வருவதற்குள் சூரியன் நாளுக்கு ஒரு பாகை வீதம் முன்னேறி, ஏறத்தாழ ஒரு ராசி தாண்டி நிற்கிறான். அவனை எட்டிப் பிடிக்கச் சந்திரனுக்கு மேலும் இரண்டு நாட்கள் தேவைப்படுகின்றன.

இவ்விருவருக்கும் இடையே உள்ள விலகலே திதி. சூரியனை விட்டுச் சந்திரன் 12 பாகை விலகினால் பிரதமை முடிகிறது. 24 பாகையில் துவிதியை. 180 பாகையில் பௌர்ணமி நிறைவுறுகிறது. மீண்டும் சூரியனைச் சேரும்போது அமாவாசை முடிகிறது. முப்பது திதிகளும் ஒரே அளவுடையன அல்ல. சந்திரன் பூமிக்கு அருகில் வரும்போது விரைந்தும், தொலைவில் செல்லும்போது மெதுவாகவும் நகர்வதால், ஒரு திதி சில வேளை 20 மணி நேரத்திலேயே முடிந்துவிடும். சில வேளை 26 மணி நேரத்துக்கும் மேல் நீளும். ஒரே நாளில் இரண்டு திதிகள் வருவதும், ஒரே திதி இரண்டு சூரியோதயங்களைத் தொடுவதும் இதனால்தான். சிராத்தத் திதி எந்த நாளில் என்று குடும்பத்தில் விவாதம் எழும்போதெல்லாம், உண்மையில் விவாதிக்கப்படுவது சந்திரனின் வேகமே.

தேய்பிறையில் சந்திரனைப் பூமியின் நிழல்தான் மறைக்கிறது என்று எண்ணுவோர் படித்தவர்களிலும் உண்டு. அது சரியன்று. மாலை வெயிலில் மின்னும் கோபுரக் கலசத்தை நினைத்துக்கொள்ளலாம். கதிரவன் மேற்கே இருக்கிறான். கோபுரத்துக்கு மேற்குப் பக்கம் நின்று பார்த்தால் கலசம் முழுவதும் ஒளிர்கிறது. பிரதட்சிணமாக நடந்து வடக்கே சென்றால் பாதி ஒளியும் பாதி இருளுமாகத் தெரிகிறது. கிழக்கே சென்று பார்த்தால் இருண்ட பக்கமே நம்மை நோக்கி நிற்கிறது. கலசம் மாறவில்லை, பார்க்கும் திசைதான் மாறிற்று. வானத்தில் சுற்றி வருவது சந்திரன், நிற்பது நாம், அவ்வளவே வேறுபாடு. சந்திரனில் எப்போதும் ஒரு பாதி வெயிலில்தான் இருக்கிறது. அந்தப் பாதியில் நமக்கு எவ்வளவு தெரிகிறது என்பதே வளர்பிறையும் தேய்பிறையும். நிழலுக்கு வேலை கிரகணத்தன்று மட்டுமே.

சூரியன் வானில் செல்வதாகத் தோன்றும் பாதை ஒன்று. சந்திரனின் பாதை மற்றொன்று. இரண்டும் ஒரே தளத்தில் அமைந்திருந்தால் பௌர்ணமிதோறும் சந்திர கிரகணமும் அமாவாசைதோறும் சூரிய கிரகணமும் நிகழ்ந்தே தீரும். ஆனால் சந்திரனின் பாதை 5 பாகைக்குச் சற்று மேலான சாய்வுடையது. ஒரே அளவுள்ள இரண்டு வளையல்களை ஒன்றினுள் ஒன்று செருகிச் சற்றே சாய்த்துப் பிடித்தால், அவை எதிரெதிராக இரண்டே இடங்களில்தான் குறுக்கிடும். மற்ற இடங்களில் ஒன்று மேலாகவும் மற்றது கீழாகவும் விலகியே நிற்கும். 5 பாகை என்பது சிறிய அளவாகத் தோன்றலாம். சந்திர பிம்பத்தின் அகலமோ அரைப் பாகைதான். ஆகவே சந்திரன் தன் அகலத்தைப் போல் பத்து மடங்கு வரை மேலேயோ கீழேயோ விலகிச் செல்கிறது. அந்தத் தொலைவில் பூமியின் நிழல் சந்திர பிம்பத்தைப் போல் இரண்டரை மடங்குக்குச் சற்று அதிகமான அகலமே உடையது. எனவே பெரும்பாலான பௌர்ணமிகளில் சந்திரன் நிழலுக்கு மேலாகவோ கீழாகவோ தப்பிச் சென்றுவிடுகிறது.

வளையல்கள் குறுக்கிடும் அந்த இரண்டு இடங்களே ராகுவும் கேதுவும். தெற்கிலிருந்து வடக்கே ஏறும்போது சந்திரன் கடக்கும் புள்ளி ராகு. வடக்கிலிருந்து தெற்கே இறங்கும்போது கடக்கும் புள்ளி கேது. ராகுவும் கேதுவும் எப்போதும் ஒருவருக்கொருவர் ஏழாம் இடத்தில் இருப்பது ஏன் என்பதற்கு இதைவிடத் தெளிவான விளக்கம் வேண்டுவதில்லை. அவ்விரு புள்ளிகளும் ஓரிடத்தில் நிலைத்து நிற்பதில்லை. மற்ற கிரகங்களுக்கு எதிராக, பின்னோக்கி நகர்ந்து, ஏறத்தாழ 18 ஆண்டு 7 மாதங்களில் ராசிச் சக்கரத்தை ஒரு முறை சுற்றுகின்றன. ராசிக்கு ஒன்றரை ஆண்டு என்று ராகு கேது பெயர்ச்சிக்குத் திருநாகேசுவரத்துக்கும் கீழப்பெரும்பள்ளத்துக்கும் செல்லும் அடியார்கள் கொள்ளும் கணக்கு இதிலிருந்தே வருகிறது.

பௌர்ணமி வரவேண்டும், அவ்வேளையில் சூரியன் இவ்விரு புள்ளிகளில் ஒன்றுக்கு ஏறத்தாழ 12 பாகைக்குள் நிற்கவும் வேண்டும். அப்போதுதான் சந்திர கிரகணம். சூரிய கிரகணத்துக்கு எல்லை சற்று அகலம். 18 பாகை வரையிலும் வாய்ப்புண்டு. மேலே சொன்ன ஆவணிப் பௌர்ணமியன்று ராகு கும்பத்திலும் கேது சிம்மத்திலும் இருந்தனர். சூரியன் சிம்மத்தில் கேதுவை அடுத்து, சந்திரன் கும்பத்தில் ராகுவை அடுத்து. ஜாதகக் கட்டத்தைப் பார்த்துப் பழகிய கண்களுக்கு இதைப் படம் போட்டு விளக்க வேண்டியதே இல்லை. சூரியன் இப்புள்ளிகளில் ஒன்றைக் கடந்து மற்றதை அடைய ஆறு மாதத்துக்குச் சற்றுக் குறைவான காலம், 173 நாட்கள், ஆகிறது. கிரகணங்கள் ஏறத்தாழ ஆறு மாதங்களுக்கு ஒரு முறை கூட்டமாக வருவதும், ஒரு பௌர்ணமியில் சந்திர கிரகணம் நேர்ந்தால் அதற்கு முன்போ பின்போ உள்ள அமாவாசையில் உலகின் ஏதோ ஒரு பகுதியில் சூரிய கிரகணம் நேர்வதும் இதனால்தான்.

அமுதம் பகிரப்பட்டபோது தேவர் வரிசையில் கலந்துவிட்ட அசுரனைச் சூரிய சந்திரர் காட்டிக்கொடுக்க, திருமாலின் சக்கரம் அவனை இரண்டாக்கியது என்பது புராணம். ரிக் வேதத்தின் ஐந்தாம் மண்டலத்தில் ஸ்வர்பானு என்னும் அசுரன் சூரியனை இருளால் மூடியதும், அத்திரி முனிவர் மந்திர வலிமையால் ஒளியை மீட்டதும் சொல்லப்படுகின்றன. இவற்றை நம்பியவர்களுக்கு நிழலின் கணக்குத் தெரியாது என்று கருதுவது பெரும் பிழை. கி.பி. 499இல் தம் நூலை இயற்றிய ஆரியபட்டர், சூரியனைச் சந்திரன் மறைக்கிறது, சந்திரனைப் பூமியின் பெருநிழல் மறைக்கிறது என்று ஐயமின்றி உரைத்துவிட்டார். அடுத்த நூற்றாண்டில் வராகமிகிரர், பிருஹத் சம்ஹிதையில் ராகுவின் சாரத்துக்கென்றே ஓர் அத்தியாயம் வகுத்து, கிரகணத்துக்குக் காரணம் நிழலே என்று வாதிடுகிறார். சூரிய கிரகணம் பிம்பத்தின் மேற்கு ஓரத்திலும் சந்திர கிரகணம் கிழக்கு ஓரத்திலும் தொடங்குவதை அவர் எடுத்துக்காட்டுகிறார். அதோடு அவர் நிற்கவில்லை. கிரகண காலத்தில் செய்யப்படும் தானத்திலும் ஓமத்திலும் ராகுவுக்கு ஒரு பங்கு உண்டு என்பது பிரம்மா அளித்த வரம். அதனால் அவ்வேளையில் ராகுவின் சாந்நித்தியம் சொல்லப்படுகிறது என்று சாஸ்திரத்துக்கும் இடம் வைக்கிறார். ஒரே ஏட்டில் நிழலும் வரமும் அருகருகே இருந்தன. நிழலைச் சொன்னதற்காக ஸ்நானத்தையும் ஜபத்தையும் அவர் தள்ளவில்லை.

கிரகண புண்ணிய காலம் எனப்படுவது ஸ்பரிசத்துக்கும் மோட்சத்துக்கும் இடைப்பட்ட காலம். அதற்கு முன்னரோ பின்னரோ செய்யும் தர்ப்பணம் கிரகணத் தர்ப்பணம் ஆகாது. மேகம் மூடிய இரவில் வானத்தைப் பார்த்து நேரம் அறிய முடியாது. ஆகவே நேரத்தைக் கணித்துச் சொல்ல ஒருவர் ஊரில் இருந்தாக வேண்டும். அத்தகைய ஒருவரைப் பற்றிய குறிப்பு அரிதாகக் கிடைத்திருக்கிறது.

1825ஆம் ஆண்டு சென்னையில் ‘கால சங்கலிதம்’ என்ற நூலை ஜான் வாரன் என்னும் படை அதிகாரி வெளியிட்டார். இவர் முன்பு சென்னை வானாய்வகத்திலும் பொறுப்பு வகித்தவர். புதுச்சேரியில் வாழ்ந்த பஞ்சாங்கக் கணிதர் ஒருவரைத் தாம் சந்தித்ததாக அவர் எழுதுகிறார். ஆங்கில எழுத்துகளில் அவர் பெயர் சிதைந்து ‘சாமி நாடன் சாஷியா’ என்பது போல அமைந்திருக்கிறது. சாமிநாத சேஷய்யாவாக இருக்கலாம். அக்கணிதர் ஏடு எதையும் விரிக்கவில்லை, எழுதுகோலைத் தொடவில்லை. தரையில் சோழிகளை வரிசையாக வைத்தார். அட்டவணைகளை மனத்திலிருந்தே வாக்கியங்களாக எடுத்தார். சோழிகளைக் கூட்டியும் குறைத்தும் நகர்த்தியும் சந்திர கிரகணம் ஒன்றைக் கணித்துக் காட்டினார். 1825 மே 31, ஜூன் 1 ஆகிய நாட்களுக்கு இடைப்பட்ட வைகாசிப் பௌர்ணமிக் கிரகணம் அது.

மனத்திலிருந்து எடுத்த வாக்கியங்கள் எவை? சந்திரனின் நாள்தோறுமான நிலையைச் சொல்லும் 248 வாக்கியங்கள் வரருசியின் பெயரால் வழங்குகின்றன. சந்திரன் பூமியை நெருங்கி வரும் சுழற்சி 27½ நாட்களுக்குச் சற்று அதிகம். அத்தகைய ஒன்பது சுழற்சிகள் மிகச் சரியாக 248 நாட்களில் நிறைவுறும். எனவே 248 நாட்களின் கணக்கை மனப்பாடம் செய்தவருக்குச் சந்திரன் கைவசம். எண்களை அப்படியே மனத்தில் நிறுத்துவது கடினம் என்பதால், ஒவ்வோர் எழுத்துக்கும் ஓர் எண் என்னும் கடபயாதி முறையில் அவை சொற்களாக மாற்றப்பட்டன. அம்முறையில் ‘ராம’ என்றால் ரகரம் 2, மகரம் 5. வலமிருந்து இடமாகப் படித்தால் 52. ‘சிவ’ என்றால் 45. இறைநாமம் போலவும் நீதிமொழி போலவும் ஒலிக்கும் சொற்றொடருக்குள் சந்திரனின் ராசியும் பாகையும் கலையும் அடங்கியிருக்கும். ‘வாக்கியப் பஞ்சாங்கம்’ என்ற பெயர் இதனால் வந்ததே.

கணக்கு எவ்வளவு சரியாக இருந்தது? புதுச்சேரிக் கணிதர் சொன்ன தொடக்க நேரம் உண்மையான நேரத்திலிருந்து 4 நிமிடமே, அதாவது பத்து விநாழிகையே, வேறுபட்டது. நடுநேரத்தில் 23 நிமிடம், முடிவில் 52 நிமிடம் பிழை இருந்தது. கணித வரலாற்று அறிஞர் ஓட்டோ நொய்கெபாவர் 1952இல் இந்தத் தமிழ்க் கணித முறையை ஆராய்ந்து எழுதினார். பாபிலோனியாவின் களிமண் பலகைகளில் மட்டுமே எஞ்சியிருந்த ஒரு கணக்கு மரபின் தொடர்ச்சி, பத்தொன்பதாம் நூற்றாண்டிலும் தமிழ் நிலத்தில் உயிரோடு இருந்தது என்பதே அவரை வியக்கவைத்தது. வாரன் குறிப்பிடும் மற்றொரு செய்தி மனத்தை உறுத்துவது: கணிதருக்கு அபாரமான நினைவாற்றல் இருந்தது, ஆனால் ஏன் அவ்வாறு கூட்டுகிறோம், கழிக்கிறோம் என்ற சித்தாந்தம் அவருக்குத் தெரியவில்லை. கணக்கு கைமாறிக் கைமாறி வந்துவிட்டது. காரணம் வழியில் எங்கோ நழுவிவிட்டது.

அதே புதுச்சேரியில் இதற்கு அரை நூற்றாண்டுக்கும் முன்பு, சுக்கிரன் சூரிய பிம்பத்தைக் கடப்பதைக் காண வந்து மேகத்தால் ஏமாந்த பிரெஞ்சு வானியலார் லெ ஜென்டில், தமிழர் ஒருவரிடம் கிரகணக் கணக்கைக் கற்றுக்கொண்டார். 1765 ஆகஸ்டு 30ஆம் நாள் கிரகணத்தின் மொத்தக் கால அளவில் தமிழ்க் கணக்கு 41 விநாடி குறைவாகவும், அக்கால ஐரோப்பாவின் சிறந்த அட்டவணையான மேயரின் கணக்கு 68 விநாடி அதிகமாகவும் இருந்தன. இந்த 41 விநாடியை மட்டும் மேடைகளில் சொல்லிப் பெருமை கொள்வது வழக்கமாகிவிட்டது. 52 நிமிடத்தையும் சேர்த்துச் சொல்வதே நேர்மை. முன்னோர்களே பிழையை மறைத்தவர்கள் அல்லர்.

கேரளத்தில் நிளா நதிக்கரையில் வாழ்ந்த வடசேரி பரமேசுவரர், 1393 முதல் 1432 வரை ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் கிரகணங்களைக் கண்ணால் கண்டு குறித்துவைத்தார். ஏட்டுக் கணக்கும் வானமும் வேறுபட்டபோது வானத்தின் பக்கம் நின்றார். 1431இல் அவர் வகுத்த திருத்தப்பட்ட முறைக்குப் பெயரே ‘திருக்கணிதம்’. ‘திருக்’ என்பது இங்கே மேன்மை குறிக்கும் தமிழ் அடைமொழி அன்று. பார்வை என்னும் பொருளுடைய வடசொல். பார்வைக்கு ஒத்த கணிதம் என்று பொருள். சென்னை வானாய்வகத்தில் பணியாற்றிய சிந்தாமணி ரகுநாதாசாரியார் பத்தொன்பதாம் நூற்றாண்டில் இதே வழியில் பஞ்சாங்கம் கணித்து வெளியிட்டார். 1868 ஆகஸ்டு 18ஆம் நாள் முழுச் சூரிய கிரகணத்தை ஆராயும் குழுவை வனபர்த்திக்கு அழைத்துச் சென்றவர் அவர். அதற்கு முந்தைய ஆண்டு ஒளி மாறும் விண்மீன் ஒன்றையும் கண்டறிந்திருந்தார். வைதிக ஆசாரமும் தொலைநோக்கியும் அவரிடம் ஒன்றாக இருந்தன.

வாக்கியமா திருக்கணிதமா என்ற கேள்வி இன்றும் ஓயவில்லை. 2025இல் ராகு கும்பத்துக்குப் பெயர்ந்தது வாக்கியப்படி ஏப்ரல் 26, திருக்கணிதப்படி மே 18. அவரவர் குல வழக்கப்படி இரண்டையும் பின்பற்றும் குடும்பங்கள் உள்ளன. அதில் யாரும் குறுக்கிட வேண்டியதில்லை. ஆனால் கிரகண நேரத்துக்கு மட்டும் வாக்கியக் குடும்பங்களும் திருக்கணிதத்தை நாடுவதுண்டு. மற்ற கணக்குகளில் வானம் பேசாமல் இருக்கும். கிரகணத்தில் எல்லோர் கண் முன்னும் அது சாட்சி சொல்லிவிடும்.

நியமங்களைப் பற்றியும் ஒரு சொல். சூரிய கிரகணத்துக்கு நான்கு யாமம், சந்திர கிரகணத்துக்கு மூன்று யாமம் முன்பிருந்தே உணவு கூடாது என்பது பொது விதி. குழந்தைகள், முதியோர், நோயுற்றோர், கர்ப்பிணிகள் ஆகியோருக்கு அதில் தளர்வு உண்டு என்பதையும் பஞ்சாங்கங்கள் குறிப்பிடுகின்றன. இதைப் படிக்காமல் விட்டுவிட்டு, நீரிழிவுக்கு மருந்து உண்ணும் முதியவர் ஒன்பது மணி நேரம் பட்டினி கிடப்பது சாஸ்திரம் கேட்ட விரதமன்று. சந்திர கிரகணத்தை வெறுங்கண்ணால் பார்ப்பதால் தீங்கில்லை. சூரிய கிரகணத்தைத் தக்க வடிகண்ணாடி இன்றிப் பார்க்கவே கூடாது. தாம்பாளத்தில் நிற்கும் உலக்கையைப் பற்றிப் பலரும் வியந்து பேசுவர். அடி சமமான உலக்கை, பொறுமையான கை, இரண்டும் இருந்தால் கிரகணமில்லாத நாளிலும் அது நிற்கும்.

பெரும்பாலான ஆலயங்கள் கிரகணத்தில் நடை சாத்தும்போது, ராகு கேது தலமாகிய ஸ்ரீகாளஹஸ்தியில் அவ்வேளையில் சந்நிதி திறந்திருந்து அபிஷேகம் நடைபெறுகிறது. முழுக் கிரகணத்தில் சந்திரன் அடியோடு மறையாமல் செந்நிறம் கொள்வதற்கும் அழகிய காரணம் உண்டு. பூமியைச் சூழ்ந்த காற்று மண்டலம் சூரிய ஒளியை வளைத்து நிழலுக்குள் அனுப்புகிறது. அந்த நேரத்தில் பூமியின் விளிம்பெங்கும் நிகழும் உதயங்களின் செம்மையும் அந்திகளின் செம்மையும் ஒருங்கே சந்திரன் மீது படிகின்றன.

2028 டிசம்பர் 31ஆம் நாள் இரவும் முழுச் சந்திர கிரகணம் உண்டு, இந்தியாவில் தெரியும். அதன் நடுநேரம் இரவு 10.20 மணியை ஒட்டி அமைகிறது. சூரியன் தனுசில் ராகுவோடு, சந்திரன் மிதுனத்தில் கேதுவோடு. சந்திரன் அன்று நிற்கும் நட்சத்திரம் திருவாதிரை, மாதம் மார்கழி. ஆருத்ரா தரிசனத்தை ஒட்டிய இரவில் கிரகணம் வருவதால், நடராஜப் பெருமானின் மகாபிஷேகத்துக்கும் தரிசனத்துக்கும் உரிய வேளையைச் சிவாலயங்கள் முன்கூட்டியே கணித்து வகுத்துக்கொள்ள வேண்டியிருக்கும்.